காவலூர்ல பார்த்தது நிலாவா, வளையமா? 1977 யுரேனஸ் மறைப்பு, முழு கேஸும்

1977 மே மாசம் வந்த ஒரு நேச்சர் அறிவியல் இதழ்ல, 328ஆம் பக்கத்துல ஆரம்பிச்சு 332 வரைக்கும் அடுத்தடுத்து மூணு சின்ன கட்டுரை இருக்கு. மூணுமே ஒரே ராத்திரி, ஒரே நட்சத்திரத்தைப் பத்தினது. முதல் கட்டுரை ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹம், டக்ளஸ் மிங்க் மூணு பேரும் எழுதினது, யுரேனஸுக்கு வளையங்கள் இருக்குன்னு சொல்லுது. ரெண்டாவது, ராபர்ட் மில்லிஸும் கூட இருந்தவங்களும் ஆஸ்திரேலியாவுல பெர்த்லேர்ந்து பார்த்தது, அதுவும் வளையம்னுதான் சொல்லுது. மூணாவது ஜவ்வாது மலையில இருக்கற காவலூர் வானாய்வகத்துலேர்ந்து ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் எழுதினது, அதோட தலைப்பே யுரேனஸுக்கு ஒரு புது துணைக்கோள்ங்கற அர்த்தத்துலதான் இருக்கு.

ஒரே நிகழ்வு, அடுத்தடுத்த பக்கம், ரெண்டு விதமான பதில். நம்ம ஊர்ல இந்தக் கதையைச் சொல்றவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சி "யுரேனஸ் வளையத்தைக் காவலூர்தான் கண்டுபிடிச்சது, பேர் மட்டும் அமெரிக்காக்காரனுக்குப் போயிடுச்சு"ன்னு சொல்லும். இன்னொரு கட்சி "கையில வந்ததைக் கோட்டை விட்டுட்டாங்க"ன்னு சொல்லும். எனக்கு ரெண்டுமே சரியா படல. அந்த ராத்திரி காவலூர் டெலஸ்கோப் செஞ்ச வேலை முதல் தரமான வேலை, ஆனா ஒளியைப் பதிவு பண்ற பேனா போட்ட கோட்டுல விழுந்த ஒரே ஒரு பள்ளத்தை வச்சுக்கிட்டு அது நிலாவா வளையமான்னு உலகத்துல யாராலயும் அடிச்சு சொல்லியிருக்க முடியாது. ஏன்னு முழுசா பார்த்தாதான் புரியும், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

என்ன நடக்க வேண்டிய ராத்திரி அது

ஒரு கிரகம் நகர்ந்துக்கிட்டே போகும்போது எப்பவாவது தூரத்துல இருக்கற ஒரு நட்சத்திரத்துக்கு குறுக்கே வரும், அப்போ நட்சத்திரம் கொஞ்ச நேரம் மறையும், அவ்வளவுதான் ஆக்கல்டேஷன்ங்கறது. எளிமையா தெரியும், ஆனா அந்த மறையற விதத்துல நிறைய விஷயம் ஒளிஞ்சிருக்கு. கிரகத்துக்கு வளிமண்டலம் இருந்தா நட்சத்திரம் சட்டுனு அணையாம படிப்படியா மங்கும், அந்த மங்கற வளைவை வச்சு அங்க மேல்மட்டத்துல வெப்பநிலை எப்படி இருக்குன்னு கணக்குப் போடலாம். மறைஞ்சு திரும்ப வர்ற நேரத்தைத் துல்லியமா அளந்தா கிரகத்தோட அளவு வரும். பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஒரு பொருளை கிலோமீட்டர் கணக்குல அளக்க, பூமியில உக்காந்துக்கிட்டு இதை விட நல்ல வழி அன்னைக்கு இல்ல.

யுரேனஸ் 1977 மார்ச் 10ஆம் தேதி, யுனிவர்சல் டைம் கணக்குல, எஸ்ஏஓ 158687ங்கற நட்சத்திரத்தை மறைக்கும்னு கிரீன்விச் ஆய்வகத்துல இருந்த கார்டன் டெய்லர் நாலு வருஷம் முன்னாடியே கணக்குப் போட்டு சொல்லிட்டாரு. நிழல் விழப்போற இடம் இந்தியப் பெருங்கடலை ஒட்டின பகுதி, அதனால இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கான்னு எல்லாரும் தயாரானாங்க. யாரும் வளையம் தேடிப் போகல. வளையம்னா சனிக்கு மட்டும்தான்ங்கறது அன்னைக்கு பாடப்புத்தக உண்மை. எல்லாரும் போனது வளிமண்டலத்துக்காகத்தான்.

இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, டெலஸ்கோப் பக்கத்துல நின்னு வேலை பார்க்கறவங்களுக்கு மட்டும்தான் இதோட கஷ்டம் தெரியும். நட்சத்திரத்தோட ஒளிர்வு 8.8 மேக்னிட்யூட், யுரேனஸோ 6க்குக் கொஞ்சம் கீழ, இந்த அளவுல எண் குறையக் குறைய பிரகாசம் கூடும், அதாவது யுரேனஸ் கிட்டத்தட்ட 16 மடங்கு பிரகாசம். நட்சத்திரம் கிரகத்தை நெருங்க நெருங்க ரெண்டையும் பிரிச்சு அளக்கவே முடியாது, ஒளியை அளக்கற போட்டோமீட்டரோட சின்ன ஓட்டைக்குள்ள ரெண்டும் சேர்ந்துதான் விழும். அப்போ நட்சத்திரம் முழுசா அணைஞ்சா கூட, மொத்த வெளிச்சத்துல குறையறது ஆறு சதவீதம் மாதிரிதான். ஒரு மெல்லிசான மேகம் வந்தாலே அதை விட அதிகமா குறைஞ்சிடும். இதுக்கு ஒரு வழி இருக்கு. யுரேனஸோட மீத்தேன் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு பகுதியில சில அலைநீளங்களை விழுங்கிடும், அந்த இடத்துல ஃபில்டர் போட்டு பார்த்தா கிரகம் இருட்டா தெரியும், நட்சத்திரம் மட்டும் எடுப்பா நிக்கும். எலியட் குழு 0.62, 0.73, 0.85 மைக்ரான்னு மூணு அலைநீளத்துல ஒரே நேரத்துல அளந்தது இதுக்காகத்தான். இன்னொரு லாபமும் உண்டு, மேகம் வந்தா கிரகம், நட்சத்திரம் ரெண்டுமே சேர்ந்து மங்கும், நட்சத்திரம் மட்டும் மறைஞ்சா மூணு சேனல்லயும் மூணு வேற அளவுல குறையும், அதனால வித்தியாசம் உடனே தெரிஞ்சிடும்.

காவலூர்ல இருந்த கருவி

காவலூர் ஆய்வகத்தை வானியலாளர் வைணு பாப்பு அறுபதுகள்ல தேடிக் கண்டுபிடிச்சு உருவாக்கினாரு. முதல்ல அங்க போனது 38 செ.மீ. டெலஸ்கோப், கொடைக்கானல் பட்டறையில நாமளே செஞ்சது. 1972ல ஜெர்மனியில யேனா ஊர் கார்ல் சைஸ் கம்பெனியோட ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்துச்சு, கண்ணாடி விட்டம் 102 செ.மீ. வந்த வருஷமே, ஜூன் 7ஆம் தேதி, வியாழனோட நிலா கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைச்சதை அதுல பதிவு பண்ணாங்க. இந்தோனேஷியாவுல லெம்பாங்லயும் அதையே பார்த்தாங்க, ரெண்டையும் சேர்த்து கானிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்குன்னு ஒரு முடிவு வெளிவந்துச்சு. 1979ல வாயேஜர் விண்கலம் கிட்டப் போய் பார்த்தப்போ அவ்வளவு தடிமனான வளி அங்க இல்லைன்னு தெரிஞ்சது, ரொம்ப ரொம்ப மெல்லிசான ஆக்சிஜன் இருக்கறதை ஹபிள் பின்னாடி தொண்ணூறுகள்ல காட்டுச்சு. இதை ஏன் சொல்றேன்னா, 1977ல காவலூர் ஆட்களுக்கு ஆக்கல்டேஷன் புதுசு இல்ல, கை பழகின வேலை.

அந்தக் கால வேலை எப்படின்னு இப்போ டிஜிட்டல் கேமராவோட வளர்ந்தவங்களுக்கு கொஞ்சம் விவரமா சொல்லணும். டெலஸ்கோப் முனையில போட்டோமல்டிப்ளையர் ட்யூப், ஒளி விழுந்தா அதுக்கேத்த மின்னோட்டம் வரும். அந்த மின்னோட்டம் ஒரு சார்ட் ரெக்கார்டருக்குப் போகும், சுருள் பேப்பர் நிதானமா ஓடிக்கிட்டே இருக்க, பேனா மேலயும் கீழயும் நடுங்கிக்கிட்டே கோடு போடும். நேரக்குறி பக்கத்துலயே விழும். படம்னு ஒண்ணும் கிடையாது, அந்த நடுங்கற கோடுதான் தரவு. டோம்ல விளக்கு கிடையாது, ஒருத்தர் கண்ணை கைடிங் ஐபீஸ்லேர்ந்து எடுக்காம நட்சத்திரத்தை ஓட்டைக்குள்ளயே பிடிச்சு வச்சிருக்கணும், டிரைவ் கொஞ்சம் வழுக்கினா கோடு விழுந்துடும், அப்புறம் அது வானத்துல நடந்ததா டெலஸ்கோப்புல நடந்ததான்னு வாழ்நாள் பூரா சந்தேகம்தான்.

நானும் சின்ன டெலஸ்கோப்புல குறுங்கோள் மறைப்பு பதிவு பண்றவன். வீடியோ, ஜிபிஎஸ் நேரம் எல்லாம் இருந்தும், நட்சத்திரம் ஒரு கணம் மங்கினா முதல்ல மனசுல வர்றது சந்தோஷம் இல்ல, "கேபிள் ஆடிச்சா, மேகமா, லென்ஸ்ல பனி படிஞ்சுதா"ன்னுதான். அதனால பேப்பர் சுருள் காலத்துல ஒரு எதிர்பாராத பள்ளத்தைப் பார்த்து, இது நிஜம்னு முடிவெடுத்து, நேச்சருக்கு எழுதினவங்க மேல எனக்கு இருக்கற மரியாதை கொஞ்சநஞ்சம் இல்ல.

அந்த ராத்திரி

இந்திய நேரத்துக்கு அது மார்ச் 11 அதிகாலை. கிரகம் நட்சத்திரத்தை மறைக்கணும்னு சொன்ன நேரத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கு. காவலூர் ரெக்கார்டர் அப்பவே ஓடிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு பேனா கீழ இறங்குச்சு, சில நொடி அங்கயே இருந்துச்சு, திரும்ப பழைய மட்டத்துக்கே ஏறிடுச்சு. விளிம்பு ரெண்டு பக்கமும் செங்குத்து. மேகம்னா இப்படி வெட்டின மாதிரி இறங்கி ஏறாது.

கிட்டத்தட்ட அதே நேரம், தெற்கு இந்தியப் பெருங்கடல் மேல சுமார் 12 கி.மீ. உயரத்துல கைப்பர் வான் ஆய்வகம் எலியட் குழுவை ஏத்திக்கிட்டு பறந்துக்கிட்டிருந்துச்சு. நாசாவோட சி-141 விமானம், பக்கவாட்டுல திறப்பு வெட்டி 91 செ.மீ. டெலஸ்கோப் பொருத்தினது. கண்ணாடி அளவுல பார்த்தா காவலூரோடது அதை விடக் கொஞ்சம் பெருசு, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஆனா அவங்களுக்கு மேகமும் நீராவியும் கீழ, மூணு சேனல் மேல. முக்கியமா, நிழல் பாதை எங்க விழும்ங்கறதுல சந்தேகம் இருந்தாலும் விமானத்தை அந்தப் பாதைக்குள்ளயே ஓட்டிக்கிட்டுப் போக முடிஞ்சுது.

அவங்களும் சீக்கிரமே பதிவை ஆரம்பிச்சிருந்தாங்க, மறைப்பு நேரத்தோட கணிப்புல பிழை இருக்கலாம்ங்கறதால. கிரகம் மறைக்கறதுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல முன்னாடி நட்சத்திரம் ஒரு தடவை மங்குச்சு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, மொத்தம் அஞ்சு. ஹெட்செட்ல அவங்க பேசிக்கிட்டது டேப்ல பதிவாகியிருக்கு, கருவிக் கோளாறோ மேகமோன்னு ஆரம்பிச்ச பேச்சு, கிரகத்தைச் சுத்தி சின்னச் சின்ன நிலாக்கள் கூட்டமா இருக்குமோங்கற இடத்துக்குப் போச்சு. இதை அழுத்திச் சொல்லணும்னு தோணுது. வளையத்தைக் கண்டுபிடிச்ச குழுவே, கண்டுபிடிச்ச அந்த நேரத்துல, வளையம்னு முடிவு பண்ணல. அவங்களும் துணைக்கோள்னுதான் யோசிச்சாங்க.

அவங்க செஞ்ச பெரிய காரியம் அதுக்கப்புறம்தான். கிரகம் நட்சத்திரத்தை மறைச்சு, சுமார் 25 நிமிஷம் கழிச்சு விட்டுடுச்சு. வந்த வேலை முடிஞ்சுது, வளிமண்டல தரவு கையில வந்தாச்சு. ஆனா ரெக்கார்டரை நிறுத்தாம அந்தப் பக்கமும் விட்டாங்க. அங்கயும் அஞ்சு டிப், அதாவது மங்கல், வந்துச்சு, தலைகீழ் வரிசையில.

ஊருக்குத் திரும்பின பிறகு எலியட் முன்பக்க டிப்புகளையும் பின்பக்க டிப்புகளையும் கிரகத்தோட மையத்துலேர்ந்து எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டு பொருத்திப் பார்த்தப்போ நாலு ஜோடி அப்படியே உக்காந்துடுச்சு. தனித்தனி நிலாக்கள் இப்படி ரெண்டு பக்கமும் அதே தூரத்துல வந்து நிக்கறதுக்கு வாய்ப்பே இல்ல, சுத்தி முழுசா இருக்கற வளையமாதான் இருக்கணும். உள்ளேர்ந்து வெளிய ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டான்னு பேர் வச்சாங்க. அஞ்சாவது எப்சிலான், வெளிக்கோடியில இருக்கறது, இதுதான் அதிக ஆழமான டிப், அதிக நேரம் நீடிச்ச டிப். ஆனா இது மட்டும் ரெண்டு பக்கமும் சரியா பொருந்தல. அந்த வளையம் வட்டமா இல்ல, லேசா நீள்வட்டம், அகலமும் இடத்துக்கு இடம் மாறும், 20 கி.மீ.ல ஆரம்பிச்சு 100 கிட்ட வரைக்கும் போகும்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

காவலூர் பேப்பர்ல பளிச்சுனு விழுந்தது இந்த எப்சிலான்தான்.

அப்போ ஏன் நிலான்னு எழுதினாங்க

கையில என்ன இருந்துச்சோ அதை வச்சு யோசிச்சுப் பாருங்க. மத்த வளையங்கள் எல்லாம் சில கிலோமீட்டர்தான் அகலம். நட்சத்திரத்துக்கு குறுக்கே யுரேனஸ் நொடிக்கு பத்து கிலோமீட்டருக்கு மேல வேகத்துல நகருது, அப்போ அந்த ஒல்லி வளையங்கள் ஒவ்வொண்ணும் நட்சத்திரத்தை மறைக்கறது ஒரு நொடிக்கும் குறைவு. தரையில, காத்து நடுக்கத்துக்கு நடுவுல, பேனா எப்பவும் ஆடிக்கிட்டிருக்கற கோட்டுல, அரை நொடி பள்ளத்தைப் பார்த்து இது நிஜம்னு சொல்ற தைரியம் யாருக்கும் வராது, வரவும் கூடாது. தெளிவா நின்னது ஒரே ஒரு டிப். அதுவும் நட்சத்திரம் கிட்டத்தட்ட முழுசா அணைஞ்ச டிப். அன்னைக்குத் தெரிஞ்ச ஒரே வளைய அமைப்பு சனியோடது, பல ஆயிரம் கிலோமீட்டர் அகலம், பாதி ஒளி ஊடுருவும். நூறு கிலோமீட்டர் கூட இல்லாத அகலத்துல, கூர்மையான விளிம்போட ஒரு வளையம் இருக்க முடியும்னு சொல்ற கோட்பாடே அப்போ கிடையாது, பக்கத்துல ஓடற சின்ன நிலாக்கள் வளையத்தை மேய்ச்சு ஒல்லியா வச்சிருக்கும்ங்கற கருத்தை கோல்ட்ரைக்கும் ட்ரெமைனும் 1979லதான் எழுதினாங்க. யுரேனஸுக்கு அதுவரைக்கும் தெரிஞ்ச நிலா அஞ்சு, கடைசியா கிடைச்சது 1948ல, ஆறாவது ஒண்ணு இருக்கறதுல என்ன ஆச்சரியம்?

இந்த யோசனை தப்பான யோசனை இல்லைங்கறதுக்கு நெப்டியூன்ல அருமையான சாட்சி இருக்கு. 1981 மே மாசம் ஹெரால்ட் ரைட்ஸெமா குழு நெப்டியூன் பக்கத்துல ஒரு நட்சத்திரம் ஒரே ஒரு தடவை மங்கினதைப் பதிவு பண்ணி, புது நிலான்னு சொன்னாங்க. அதே மாதிரி ஒரே டிப், அதே மாதிரி முடிவு. 1989ல வாயேஜர் 2 போய்ப் பார்த்தா, நிஜமாவே நிலா. அதுதான் லாரிஸா. நடுவுல 1984ல அதே நெப்டியூன்ல ஒரு பக்கம் மட்டும் டிப் வந்து, எதிர்ப்பக்கம் ஒண்ணுமே இல்லாம போச்சு, நிலாவும் இல்ல, முழு வளையமும் இல்ல, அது வளையத்துல அங்கங்க அடர்த்தியா திரண்டிருக்கற வில் பகுதின்னு தெரிய அதே வாயேஜர் வரணும். ஆக, ஒத்தை டிப்புக்கு மூணு அர்த்தமும் இயற்கையில இருக்கு. காவலூர்ல பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தேர்ந்தெடுத்தது யுரேனஸுக்குப் பொருந்தல, நெப்டியூனா இருந்திருந்தா பொருந்தியிருக்கும்.

கோட்டை விட்டாங்கன்னு சொல்றவங்க கிட்ட நான் கேக்கற கேள்வி இதுதான், அந்த பேப்பரை மட்டும் உங்க கையில கொடுத்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க? நாமதான் முதல்ல கண்டுபிடிச்சோம்னு சொல்றவங்க கிட்டயும் ஒண்ணு சொல்லணும், டிப்பைப் பதிவு பண்றது வேற, அது வளையம்னு நிரூபிக்கறது வேற, நிரூபிச்சது ரெண்டு பக்கமும் பொருத்திக் காட்டின கணக்கு. அதே சமயம் அந்தக் கணக்கு விமானத்துல இருந்த ஒரே கருவியோட வார்த்தையா நிக்காம, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத தரை டெலஸ்கோப்புகள்லயும் பதிஞ்சிருந்ததாலதான் யாரும் சந்தேகப்படாம ஏத்துக்கிட்டாங்க. பெர்த், காவலூர், நைனிடால்னு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருந்த இடங்கள்ல டிப் விழுந்துச்சுன்னா மறைச்ச பொருள் பூமியில அவ்வளவு பெரிய பரப்புக்கு நிழல் போடற அளவு நீளமா இருக்கணும், இத்துணூண்டு நிலாவால அது முடியாது.

பேப்பர் சுருளை திரும்பப் பிரிச்சப்போ

எனக்கு இந்த கேஸ்ல ரொம்பப் பிடிச்ச பகுதி இது, ஆனா இதை யாரும் அவ்வளவா பேசறதில்ல. மே மாசம் நிலான்னு எழுதின காவலூர்லேர்ந்தே, அதே 1977 முடியறதுக்குள்ள, பட்டாச்சார்யாவும் பாப்புவும் சேர்ந்து நேச்சர்லயே இன்னொரு கட்டுரை போட்டாங்க. யுரேனஸைச் சுத்தி சனியோடது மாதிரி ஒரு வளைய அமைப்பு இருக்குங்கறதுதான் தலைப்பு. முன்னாடி நாம சொன்னதையே காப்பாத்தணும்ங்கற பிடிவாதம் கொஞ்சம் கூட இல்லாம, அந்த மார்ச் ராத்திரியை புதுக் கண்ணோட திரும்ப அலசியிருக்காங்க. சனி மாதிரி அகலமான அமைப்புங்கற பகுதி பின்னாடி நிலைக்கல, 1986 ஜனவரி 24ல வாயேஜர் 2 கடந்து போனப்போ காட்டினது பெரும்பாலும் ஒல்லி வளையங்களையும் நடுவுல மெல்லிய தூசியையும்தான். எப்சிலானோட ரெண்டு பக்கமும் கார்டீலியா, ஒஃபீலியான்னு ரெண்டு சின்ன நிலா ஓடறதையும் அதே வாயேஜர்தான் பார்த்துச்சு, கோல்ட்ரைக் ட்ரெமைன் சொன்ன மேய்ப்பர்கள். வளையத்தை ஒட்டி நிலாவும் இருக்கத்தான் செஞ்சுது, காவலூர் நட்சத்திரத்தை மறைச்சது அது இல்லைங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

எலியட் இதே முறையை விடவே இல்ல. 1988 ஜூன்ல அதே கைப்பர் விமானத்துல போய் புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைச்சதைப் பதிவு பண்ணி அதுக்கு வளிமண்டலம் இருக்கறதைக் காட்டினாரு.

இன்னைக்கு ஆக்கல்டேஷன் பண்றவங்க யாரைக் கேட்டாலும், கணிச்ச நேரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தாராளமா பதிவு ஓடட்டும்னுதான் சொல்லுவாங்க. 2013 ஜூன் 3ல காரிக்லோங்கற சுமார் 250 கி.மீ. குறுக்களவு உள்ள குட்டிப் பொருள் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ தென் அமெரிக்காவுல பல டெலஸ்கோப்புகள் சேர்ந்து பார்த்தாங்க, முக்கிய மறைப்புக்கு முன்னும் பின்னும் சின்ன டிப்புகள் வந்துச்சு. சிலி நாட்டு லா சியாவுல இருக்கற டேனிஷ் 1.54 மீட்டர் டெலஸ்கோப்புல வேகமா படம் எடுக்கற கேமரா இருந்ததால, மத்த இடங்கள்ல ஒண்ணா தெரிஞ்ச டிப் அங்க மட்டும் ரெண்டா பிரிஞ்சு விழுந்துச்சு, வளையம் ஒண்ணு இல்ல ரெண்டுன்னு அதுலேர்ந்துதான் தெரிஞ்சது. இந்த தடவை ஒரே குழுவா சேர்ந்து எல்லாத்தையும் ஒரே மேசையில வச்சுப் பொருத்திட்டுத்தான் 2014ல வெளியிட்டாங்க, காவலூரும் பெர்த்தும் கைப்பரும் மூணு தனித்தனி கட்டுரையா போட்டதை இவங்க ஒரே கட்டுரையா போட்டாங்க.